தேதியின் வடிவமா, தேதியே தவறா? ஓர் உறுப்பினர் பதிவேட்டின் நிகழ்வு ஆய்வு

உதவி மேசைக்கு வந்த புகார் ஒரே வரிதான்: “பிறந்த தேதி ஃபார்மேட் மாறி வருகிறது, சரிசெய்து தரவும்.” இப்படி ஒரு புகார் வந்தால் யாரும் பதறுவதில்லை. காட்டும் இடத்தில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிப் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். இங்கேயும் அதைத்தான் செய்தார்கள். பட்டியல் பக்கத்தில் நாள்/மாதம்/ஆண்டு என்று இருந்ததை மாதம்/நாள்/ஆண்டு என்று மாற்றினார்கள். புகார் கொடுத்தவர் தன் தேதி 07/06/1988 என்று வருவதைப் பார்த்துத் திருப்தியடைந்தார், டிக்கெட் மூடப்பட்டது. அடுத்து வந்த புகாரில் வேறொருவர், “என் தேதி 06/25/1988 என்று வருகிறதே, 25ஆம் மாதம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டிருந்தார்.

இரண்டு பதிவுகளையும் தரவுத்தளத்தில் நேராகப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முதலாமவர் பிறந்தது ஜூன் 7. சேமிக்கப்பட்டிருந்தது ஜூலை 6. வடிவத்தை மாற்றியதும் அந்தத் தவறான தேதி திரையில் சரியான தேதிபோலத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாமவரின் தேதி ஆரம்பம் முதல் சரியாகவே சேமிக்கப்பட்டிருந்தது. திருத்தம்தான் அதைக் கெடுத்தது. ‘ஃபார்மேட் பிரச்சினை’ என்று வரும் புகாரில் பாதியாவது உண்மையில் மதிப்புப் பிரச்சினை என்பது என் கருத்து. அதனால் வடிவத்தைத் தொடுவதற்கு முன்னால் தரவுத்தளத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவது உத்தமம்.

செயலியின் அமைப்பு

இது உறுப்பினர் விவரங்களை வைத்திருக்கும் வலைச் செயலி. பல நேர மண்டலங்களில் இருப்பவர்கள் பயன்படுத்துவது. ஒவ்வொரு பதிவிலும் மூன்று தேதிகள்: பிறந்த தேதி, சேர்ந்த தேதி, சான்றிதழ் காலாவதியாகும் தேதி. முதல் இரண்டும் கட்டாயம், மூன்றாவது விருப்பம்.

இந்தத் தேதிகளைத் தொடும் பக்கங்களும் மூன்று. அலுவலர்கள் புது உறுப்பினரைச் சேர்க்கும் பக்கம் மிகப் பழையது. சாதாரண எழுத்துப் பெட்டியும் பக்கத்தில் ஒரு காலண்டரும் உள்ளது. பிரவுசர்களின் சொந்தத் தேதிப் பெட்டியை அன்றைக்கு நம்ப முடியாது என்பதுதான் காரணம். க்ரோம் அதை 2012இலேயே கொடுத்துவிட்டது, ஃபயர்பாக்ஸ் 2017இல் கொடுத்தது, கணினியில் ஓடும் சஃபாரிக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அலுவலர்கள் விவரம் திருத்தும் பக்கம் அதற்குப் பிறகு புதிதாக எழுதப்பட்டது, அதில் பிரவுசரின் சொந்தத் தேதிப் பெட்டி. மூன்றாவது, உறுப்பினரே தன் விவரத்தைப் பார்த்து மாற்றும் பக்கம். இது முழுக்க ஜாவாஸ்கிரிப்ட்; ஏபிஐ வழியாக, அதாவது சர்வரோடு தரவு பரிமாறும் இடைமுகத்தின் வழியாக, தரவை வாங்கி, தேதியைத் தேர்ந்தெடுக்க உதவும் ஒரு டேட் பிக்கர் நூலகத்தின் வழியே காட்டும்.

சர்வர் பக்கம் பைத்தான் மொழியும், அதில் வலைச் செயலி எழுத உதவும் ஜாங்கோ சட்டகமும். தரவுத்தளத்தில் மூன்று தேதிகளும் வெறும் தேதியாக இல்லை, நேரத்தோடு சேர்ந்த டைம்ஸ்டாம்ப்பாக இருந்தன. பிறந்த தேதிக்கு எதற்கு மணியும் நிமிடமும் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. தொடக்கத்தில் யாரோ அப்படி வைத்தார்கள், அப்படியே நின்றுவிட்டது.

தோண்டத் தோண்ட ஒரே புகாரின் கீழ் வெவ்வேறு கோளாறுகள் இருப்பது தெரிந்தது. ஒவ்வொரு பக்கமும் தன் பங்குக்குத் தேதியைக் கெடுத்துக்கொண்டிருந்தது, ஒவ்வொன்றும் ஒரு விதமாக.

காணாமல் போன காலாவதித் தேதி

மிக எளிதாகப் பிடிபட்டது திருத்தும் பக்கத்தின் கோளாறு. அலுவலர் ஓர் உறுப்பினரின் தொலைபேசி எண்ணை மாற்றுவதற்காகப் பக்கத்தைத் திறக்கிறார். தேதிப் பெட்டிகள் மூன்றும் காலியாக இருக்கின்றன. சேமி என்று அழுத்தினால் பிறந்த தேதியும் சேர்ந்த தேதியும் கட்டாயம் என்று சிவப்பில் எச்சரிக்கை வருகிறது. சலித்துக்கொண்டே அந்த இரண்டையும் மறுபடி அடித்துச் சேமிக்கிறார். காலாவதித் தேதி விருப்பப் புலம்தானே, அது ஒரு சத்தமும் இல்லாமல் வெறுமையாகி, தரவுத்தளத்திலும் அழிந்துபோகிறது.

காரணம் ஹெச்டிஎம்எல் தரநிலையிலேயே இருக்கிறது. தேதி வகைப் பெட்டிக்குக் கொடுக்கும் மதிப்பு எப்போதும் 1988-06-07 என்ற வடிவில்தான் இருக்க வேண்டும்: நான்கு இலக்க ஆண்டு, மாதம், நாள், நடுவில் சிறு கோடு. திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் பிரவுசர் தன் மொழி அமைப்பைப் பார்த்து முடிவுசெய்துகொள்ளும். வேறு எந்த வடிவில் மதிப்பைக் கொடுத்தாலும், அது செல்லாத மதிப்பு என்று பெட்டியைக் காலியாக்கிவிடச் சொல்கிறது தரநிலை. பயனருக்குப் பிழைச்செய்தி எதுவும் வராது. நிரலாளர்கள் பார்க்கும் க்ரோமின் கன்சோலில் மட்டும் ஓர் எச்சரிக்கை வரும், அதை அலுவலர் எங்கே பார்க்கப்போகிறார்?

சர்வர் அனுப்பிக்கொண்டிருந்தது 07/06/1988 என்ற வடிவில். ஜாங்கோவில் தேதிப் பெட்டியை உருவாக்கும் நிரல்துண்டான விட்ஜெட்டுக்கு வடிவம் எதையும் சொல்லாமல் விட்டால், நடப்பு மொழிக்கான உள்ளீட்டு வடிவப் பட்டியலில் முதலாவதாக இருப்பதை எடுத்துக்கொள்ளும். பொது ஆங்கிலத்துக்கு அந்தப் பட்டியலின் முதல் வடிவம் ஆண்டு-மாதம்-நாள். பிரிட்டன் ஆங்கிலத்துக்கு நாள்/மாதம்/ஆண்டு. பக்கத்தை எழுதியபோது மொழி பொது ஆங்கிலம், எல்லாம் சரியாக ஓடியது. பிறகு, பட்டியலில் தேதி நாள் முதலாக வர வேண்டும் என்பதற்காக மொழி அமைப்பைப் பிரிட்டன் ஆங்கிலமாக மாற்றினார்கள். அன்றிலிருந்து பெட்டிகள் காலி. மாற்றம் நடந்தது ஓர் அமைப்புக் கோப்பில், கோளாறு வெடித்தது அதோடு தொடர்பே இல்லாததுபோல் தெரிந்த ஒரு படிவத்தில்.

இந்தப் பள்ளம் ஜாங்கோவுக்கு மட்டும் உரியது அல்ல. மைக்ரோசாஃப்டின் வலைச் சட்டகமான ஏஎஸ்பி டாட்நெட் எம்விசியில் தேதிப் புலத்தை எழுதியவர்களும் இதே காலிப் பெட்டியைப் பார்த்திருப்பார்கள். அங்கேயும் திருத்தும் நிலைக்கு ஆண்டு-மாதம்-நாள் வடிவம் பொருந்தும் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. தீர்வு ஒரு வரி: விட்ஜெட்டில் வடிவத்தை வெளிப்படையாக எழுதிவிடுவது.

ஒவ்வொரு முறையும் ஒரு நாள்

உறுப்பினர் பக்கத்தின் கோளாறு இதைவிடச் சுவாரசியமானது. மாற்ற வரலாற்று அட்டவணையில் ஓர் உறுப்பினரின் பிறந்த தேதி ஜூன் 7, ஜூன் 6, ஜூன் 5 என்று படிப்படியாக இறங்கியிருந்தது. அவர் பிறந்த தேதியைத் தொடவே இல்லை. ஒருமுறை முகவரியை மாற்றினார், இன்னொருமுறை மின்னஞ்சலை மாற்றினார். பக்கம் சேமிக்கும்போது முழுப் பதிவையும் அனுப்பும். அந்தப் பயணத்தில் தேதி ஒவ்வொரு நாளாகத் தேய்ந்தது.

ஒரு மதிப்பின் கூடவே போய்ப் பார்ப்போம். தரவுத்தளத்தில் இருப்பது யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் ஜூன் 7 நள்ளிரவு 00:00. ஏபிஐ தரவை அனுப்பும் ஜேசன் வடிவில் தேதி என்று ஒரு வகையே கிடையாது என்பதால் அது எழுத்துச்சரமாகப் போகிறது. உறுப்பினர் யூடிசியைவிட 8 மணி நேரம் முந்திய மண்டலத்தில் இருக்கிறார். அவருடைய பிரவுசருக்கு அது ஜூன் 7 காலை 8 மணி. திரையில் ஜூன் 7 என்றே தெரியும், சந்தேகம் வராது. டேட் பிக்கர் நூலகம், தேதியை மட்டும் கையாள்வதால், நேரத்தை வெட்டி அவருடைய உள்ளூர் நள்ளிரவுக்குக் கொண்டுவந்து வைக்கிறது: உள்ளூர் ஜூன் 7, 00:00. சேமிக்கும்போது அது ஐஎஸ்ஓ சரமாக, அதாவது சர்வதேசத் தரப்படி தேதியும் நேரமும் கொண்ட எழுத்துச்சரமாக, மாறுகிறது. அந்த மாற்றம் எப்போதும் யூடிசியில்தான் நடக்கும். உள்ளூர் நள்ளிரவில் 8 மணி நேரத்தைக் கழித்தால் ஜூன் 6, 16:00. சர்வர் நேரத்தை ஒதுக்கிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது: ஜூன் 6.

மேற்கே இருப்பவருக்கும் ஒரு நாள் குறைகிறது. ஆனால் இடம் வேறு. யூடிசிக்கு 5 மணி நேரம் பிந்திய மண்டலத்தில் ஜூன் 7 நள்ளிரவு என்பது ஜூன் 6 மாலை 7 மணி. அதனால் பக்கம் திறந்தவுடனேயே ஜூன் 6 என்று தெரிகிறது. பிக்கர் அதை ஜூன் 6 நள்ளிரவாக்கி, யூடிசியில் ஜூன் 6, 05:00 என்று அனுப்புகிறது. கிழக்கே எழுதும்போது நாள் தொலைகிறது, மேற்கே படிக்கும்போது தொலைகிறது. புகார்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் குழப்பியதற்கு இதுதான் காரணம். ஒருவர் “சேமித்தபிறகு மாறிவிட்டது” என்றார், இன்னொருவர் “திறந்தபோதே மாறித்தான் இருந்தது” என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

லண்டன் போன்ற மண்டலம் இன்னும் வேடிக்கை. குளிர்காலத்தில் அது யூடிசியோடு ஒட்டி நிற்கும், கோடையில் ஒரு மணி நேரம் முந்தும். எனவே அங்கே ஜனவரியில் பிறந்தவருக்குத் தேதி தேயாது, ஜூனில் பிறந்தவருக்குத் தேயும். புகார் கொடுத்தவரும் சோதித்தவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாலும் பிறந்த மாதம் வேறானால் ஒருவருக்குக் கோளாறு, மற்றவருக்கு இல்லை.

ஜாவாஸ்கிரிப்டின் டேட் என்ற பொருள் ஒரு கணத்தைக் குறிப்பது. 1970 ஜனவரி 1இலிருந்து ஓடிய மில்லிவினாடிகளின் எண்ணிக்கை. பிறந்த தேதி ஒரு கணம் இல்லை. அது காலண்டரில் ஒரு கட்டம், அதற்கு நேர மண்டலம் கிடையாது. கட்டத்தைக் கணமாக்கி, மண்டலம் தாண்டி, மறுபடி கட்டமாக்கும்போதுதான் நாள் உதிர்கிறது. போதாததற்கு, இந்த டேட் பொருள் தரும் வேறு சில்லறைத் தொல்லைகளும் உண்டு. மாதங்களை 0இலிருந்து எண்ணும். ஜூன் 31 என்று கொடுத்தால் மறுக்காமல் ஜூலை 1 என்று எடுத்துக்கொள்ளும். 1988-06-07 என்று தேதி மட்டும் கொடுத்தால் யூடிசி என்று கொள்ளும். அதனோடு நேரத்தைச் சேர்த்து மண்டலம் சொல்லாமல் விட்டால் உள்ளூர் நேரம் என்று கொள்ளும். இந்த இரண்டாவது விதிகூட ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையின் 2009 பதிப்பில் யூடிசி என்று இருந்து, 2015 பதிப்பில் உள்ளூர் என்று மாறியது. 1995இல் அவசரமாக, ஜாவா என்ற வேறொரு மொழியின் பழைய டேட்டைப் பார்த்து இதை எழுதியதின் பலனை இன்னும் அனுபவிக்கிறோம். ஜாவாவே 2014இல் எட்டாம் பதிப்பில் நேரம் ஒட்டாத உள்ளூர்த் தேதி வகையைக் கொண்டுவந்துவிட்டது. டாட்நெட்டும் 2021இல் ஆறாம் பதிப்பில் அதைச் செய்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கும் அப்படி ஒரு வகையைத் தரும் டெம்போரல் என்ற புதிய வசதி வந்துகொண்டிருக்கிறது. ஃபயர்பாக்ஸ் 139ஆம் பதிப்பிலிருந்து தருகிறது.

12 வரை தவறு, 13 முதல் சரி

முதல் புகாரின் ஜூன் 7 எப்படி ஜூலை 6 ஆனது என்பது புதிய பதிவுப் பக்கத்தின் கதை. எழுத்துப் பெட்டியில் அலுவலர் 07/06/1988 என்று அடிக்கிறார். பெட்டியின் கீழே ‘நாள்/மாதம்/ஆண்டு’ என்று குறிப்பும் இருக்கிறது. அடித்தது அப்படியே சர்வருக்குப் போகிறது. சர்வரில் அதைப் படிப்பது டேட்யூட்டில் என்ற பைத்தான் நூலகத்தின் பார்சர், அதாவது எழுத்தைப் படித்துத் தேதியாக்கும் நிரல். எந்த வடிவில் வந்தாலும் முயன்று புரிந்துகொள்ளும் தாராள மனசு அதற்கு. வேறு எதுவும் சொல்லாவிட்டால் சாய்கோட்டுக்கு முன்னால் வருவது மாதம் என்று கொள்ளும்: ஜூலை 6. 25/06/1988 வந்தால்? 25ஆம் மாதம் இல்லை என்பதால் நாளையும் மாதத்தையும் தானே இடம் மாற்றிக்கொண்டு ஜூன் 25 என்று சரியாகப் படித்துவிடும். ஒரு முனகல்கூட இல்லை.

கோளாறு இத்தனை காலம் மறைந்திருந்ததற்கு இந்தச் சமாளிப்புதான் காரணம். பார்சர் கண்டிப்பானதாக இருந்திருந்தால் 13ஆம் தேதிக்காரர் முதல் நாளே பிழைச்செய்தியோடு வந்து நின்றிருப்பார். பிஎச்பி என்ற நிரல்மொழியிலும் இப்படி ஒரு சங்கதி உண்டு: சாய்கோடு இருந்தால் மாதம் முதல், சிறு கோடு இருந்தால் நாள் முதல் என்று அதன் பார்சர் பிரித்துக்கொள்ளும். ஆவணத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் படிவத்தை நிரப்புகிறவருக்கு அது தெரிய நியாயமில்லை. உள்ளே வரும் தேதிக்கு நான் ஒரே ஒரு வடிவத்தைத்தான் அனுமதிப்பேன். அது பொருந்தாவிட்டால் மறுத்துவிடுவது பயனருக்கு எரிச்சலாக இருக்கலாம், ஆனால் பதிவேட்டுக்கு நல்லது.

நாளும் மாதமும் இரண்டும் 12க்குள் இருக்கும் தேதிகள் ஓராண்டில் 144. அவற்றில் 12 தேதிகள், 05/05 போல, மாறினாலும் ஒன்றுதான். மீதி 132 நாள்கள் இரு பொருள் தருபவை. ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கூட.

மொத்தத் தரவைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாதா என்று முயன்றபோது ஒரு சங்கடம் தெரிந்தது. இடம் மாறிய தேதிகள் எல்லாம் அதே 132 நாள்களுக்குள்ளேயே போய் விழுகின்றன. ஜூன் 7 ஜூலை 6 ஆனால், ஜூலை 6 ஜூன் 7 ஆகிறது. அதனால் பிறந்த தேதிகளை எண்ணி வரைபடம் போட்டால் எந்த மேடும் பள்ளமும் தெரியாது. காட்டிக்கொடுத்தது சேர்ந்த தேதி. உறுப்பினர் சேர்ந்த ஓரிரு நாள்களில் பதிவு உருவாகிவிடும் என்பது வழக்கம். பதிவு உருவான நாள் கணினியே போட்டது, அதில் பிழை இல்லை. பதிவு உருவானது ஜூன் 8, சேர்ந்த தேதியோ ஜூலை 6 என்று இருந்தால் ஆள் சேர்வதற்கு முன்பே பதிவாகிவிட்டார் என்று அர்த்தம். மாற்றிப் பார்த்தால் ஜூன் 7, கச்சிதமாகப் பொருந்துகிறது.

குறிப்பும் பெட்டியும் முரண்பட்டபோது

இன்னொன்று கடைசியில்தான் கண்ணில் பட்டது. திருத்தும் பக்கத்தைப் புதிதாக எழுதியபோது பழைய பக்கத்தின் ‘நாள்/மாதம்/ஆண்டு’ என்ற குறிப்பையும் சேர்த்தே கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் பிரவுசரின் சொந்தப் பெட்டி எந்த வரிசையில் தெரியும் என்பது பக்கத்தின் கையில் இல்லை. பிரவுசர் அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் மாதம் முதல். பக்கத்தில் எந்த மொழி என்று அறிவித்திருந்தாலும் பிரவுசர் அதைச் சட்டை செய்யாது. ஆக, குறிப்பு ஒன்று சொல்கிறது, பெட்டி வேறொன்றை எதிர்பார்க்கிறது. பெட்டியின் எழுத்தைப் பார்ப்பதைவிடக் குறிப்பைப் பார்த்து வேகமாக அடிக்கும் பழக்கம் உள்ளவர் 07 என்று அடித்ததும் அது மாதப் பகுதியில் போய் உட்காரும். 25 என்று அடித்தால் இன்னும் மோசம்: 2 மாதமாகிவிடும், 5 நாள் பகுதிக்குத் தாவிவிடும். இங்கே தேதி பிரவுசரை விட்டுக் கிளம்பும்போதே தவறு. நடப்பதைக் குறித்துவைக்கும் சர்வர் லாகில் அது 1988-07-06 என்று ஒழுங்கான வடிவத்தில்தான் பதிவாகியிருக்கும். எவ்வளவு தோண்டினாலும் அங்கே தடயம் கிடைக்காது.

அதே பெட்டியில் இன்னொரு விநோதம். சேமி என்று அழுத்துவதற்கு முன்பே, பெட்டியின் மதிப்பு மாறும்போதெல்லாம் தானாகவும் சேமிக்கும்படி பக்கம் எழுதப்பட்டிருந்தது. க்ரோமில் நாளும் மாதமும் நிரம்பியபின் ஆண்டை அடிக்கத் தொடங்கினால், ஒவ்வோர் இலக்கத்துக்கும் பெட்டியின் மதிப்பு முழுமையான தேதியாகிவிடும். வரலாற்று அட்டவணையில் ஒருவருடைய பிறந்த ஆண்டு 0001, 0019, 0198, 1988 என்று நான்கு வரிகளாக அடுத்தடுத்துப் பதிவாகியிருந்தது. 88 என்று மட்டும் அடித்து நகர்ந்தவருக்கு ஆண்டு 0088. குறைந்தபட்சத் தேதி என்று ஒரு வரம்பை வைத்தாலும் அது தட்டச்சைத் தடுக்காது; படிவத்தை அனுப்பும்போது செல்லுமா என்று சோதிக்கும், அவ்வளவே. அதனால் வரம்பையும் வைத்து, பெட்டியை விட்டு வெளியே வந்தபிறகே சேமிக்கும்படி மாற்ற வேண்டியிருந்தது. சர்வரிலும் அதே வரம்பு.

சோதனைகள் ஏன் பிடிக்கவில்லை

சோதனைகள் இல்லாத குழு இல்லை இது. நிரலைத் தானாகச் சோதிக்கும் சோதனைகளில் தேதிக்கென்றே தனித் தொகுப்பு இருந்தது, எல்லாம் தேறி, பச்சையாகவே ஓடிக்கொண்டிருந்தன. சோதனை இயந்திரம் யூடிசியில் ஓடியது, நாள் தேயவில்லை. சோதனைக்கு எடுத்த தேதி டிசம்பர் 25, நாளும் மாதமும் இடம் மாறவில்லை. சோதனை அமைப்பின் மொழி பொது ஆங்கிலம், பெட்டி காலியாகவில்லை. தேர்ந்தெடுத்த ஒவ்வொன்றும் கோளாறுக்குத் திரை போட்டது.

இப்போது சோதனைத் தேதி எப்போதும் 12க்கு உட்பட்ட, வெவ்வேறு நாளும் மாதமும் கொண்டது. தொகுப்பு மூன்று மண்டலங்களில் ஓடுகிறது: யூடிசி, அதைவிட 14 மணி நேரம் முந்திய கிரிபாட்டித் தீவு நாட்டின் கிரிஸ்துமஸ் தீவு, 11 மணி நேரம் பிந்திய, அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோ. நான்காவதாக சாவ் பாலோவையும் சேர்க்கச் சொன்னேன். பிரேசில் 2019இல் கோடைநேர முறையைக் கைவிடும் வரை அங்கே கடிகாரத்தை நள்ளிரவில்தான் முன்னே தள்ளுவார்கள். 2017 அக்டோபர் 15 அன்று சாவ் பாலோவில் 00:00 என்ற நேரமே இருக்கவில்லை. 01:00இல்தான் நாள் பிறந்தது. தேதியை உள்ளூர் நள்ளிரவாக மாற்றும் எந்த நிரலும் அங்கே இடறும்.

மாற்றியவை

தரவுத்தளத்தில் மூன்று புலங்களும் வெறும் தேதி வகைக்கு மாறின. ஏபிஐ 1988-06-07 என்ற பத்து எழுத்தைத்தான் வாங்கும், தரும். உறுப்பினர் பக்கம் அந்தச் சரத்தை டேட் பொருளாக ஆக்குவதே இல்லை. காட்ட வேண்டிய இடத்தில் மூன்று எண்களாகப் பிரித்து, ‘7 ஜூன் 1988’ என்று மாதத்தை எழுத்தில் காட்டுகிறது. பட்டியல் பக்கமும் அப்படியே. இடம் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும்தான், ஆனால் யாரும் நாளா மாதமா என்று யோசிக்க வேண்டியதில்லை.

உள்ளிடும் பெட்டி எது என்பதில்தான் விவாதம் நீண்டது. எல்லா இடத்திலும் பிரவுசரின் சொந்தப் பெட்டியே போதும் என்றனர் சிலர். காலாவதித் தேதிக்கு அது பொருத்தம்தான். அருகில் வரப்போகும் தேதிக்குக் காலண்டர் உதவும். பிறந்த தேதிக்குக் காலண்டர் சுமை. முப்பது நாற்பது ஆண்டுகள் பின்னால் யார் அம்புக்குறியை அழுத்திக்கொண்டு போவது? பிரிட்டன் அரசின் வடிவமைப்பு வழிகாட்டி, பயனர் நினைவில் வைத்திருக்கும் தேதிகளுக்கு நாள், மாதம், ஆண்டு என்று மூன்று தனி எழுத்துப் பெட்டிகளைப் பரிந்துரைக்கிறது. குழு அதை எடுத்துக்கொண்டு, மாதத்துக்கு மட்டும் பெயர்ப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைத்தது. கீபோர்டில் வேகமாக அடிப்பவருக்கு அது சற்றுத் தடங்கல். இந்தச் செயலியைப் பிடித்திருந்த நோயைப் பார்க்கும்போது எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. மூன்று பெட்டிகளுக்கும் தானாக நிரப்பும் வசதி தனித்தனியே உண்டு, அதையும் சேர்த்தாயிற்று.

கெட்டுப்போன பதிவுகள்

நிரலைத் திருத்தியது எளிது. பழைய பதிவுகளைத் திருத்துவதில்தான் நேரம் போனது. நாளும் மாதமும் மாறியவற்றை ஒரே கட்டளையில் திருப்பிப் போட்டுவிடலாம் என்ற யோசனை முதலில் எழுந்தது. அது ஆபத்து, ஏனென்றால் கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன.

ஜூன் 7இல் பிறந்தவர் புதிய பதிவில் ஜூலை 6 ஆகிறார். பிறகு தன் பக்கத்தில் முகவரியை மாற்றுகிறார், ஜூலை 5 ஆகிறார். இதை நேரடியாகத் திருப்பினால் மே 7 வரும், அது யாருடைய பிறந்தநாளும் இல்லை. முதலில் தேய்ந்த நாளை மீட்டு ஜூலை 6க்குப் போக வேண்டும், அப்புறம் திருப்ப வேண்டும். இன்னொரு பொறி: ஜூன் 13இல் பிறந்தவரின் தேதி இடம் மாறவே இல்லை, ஆனால் ஒருமுறை தேய்ந்து ஜூன் 12 ஆகிவிட்டது. பார்வைக்கு அதுவும் இரு பொருள் தரும் தேதி. திருப்பினால் டிசம்பர் 6க்குப் போய்விடும்.

அதனால் வரிசை கறாராக வகுக்கப்பட்டது. முதலில், வரலாற்று அட்டவணையில் காலாவதித் தேதி வெறுமையான இடங்களைத் தேடி, அந்த மாற்றத்தை அலுவலர் வேண்டுமென்று செய்ததற்கான குறிப்பு இல்லையென்றால் பழைய மதிப்பை மீட்டார்கள். அடுத்து, உறுப்பினர் பக்கத்திலிருந்து வந்து, தேதி சரியாக ஒரே நாள் குறைந்த மாற்றங்களைச் சங்கிலியாகக் கோத்து, சங்கிலியின் தொடக்க மதிப்புக்குத் திரும்பினார்கள். அதன்பிறகுதான் இடம் மாறியவை. பழைய லாகில் அலுவலர் அடித்த மூலச் சரம் கிடைத்த பதிவுகளுக்கு அதுவே சாட்சி. லாக் கிடைக்காதவற்றுக்குச் சேர்ந்த தேதியும் பதிவு உருவான நாளும் வைத்த சோதனை. ஒரே படிவத்தில் ஒரே சமயத்தில் அனுப்பப்பட்டவை என்பதால், சேர்ந்த தேதி இடம் மாறியது உறுதியானால் அதே படிவத்தில் வந்த பிறந்த தேதிக்கும் அதே கதிதான், நாள் 12க்குள் இருக்கும் பட்சத்தில். பார்சர் ஆளுக்கு ஒரு நீதி வைத்திருக்கவில்லை.

திருத்தும் பக்கத்தில் அலுவலர் கையால் மறுபடி அடித்த பதிவுகள் மட்டும் எந்தச் சோதனைக்கும் பிடிகொடுக்கவில்லை. அவற்றில் சில பழைய தவறைச் சரிசெய்தவை, சில குறிப்பைப் பார்த்துப் புதிதாகத் தவறியவை. எது எது என்று மதிப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவற்றின் பக்கத்தில் ‘உறுதி செய்யப்படவில்லை’ என்று ஓர் அடையாளம் சேர்க்கப்பட்டது. அந்த உறுப்பினர் அடுத்தமுறை உள்ளே நுழையும்போது, பழைய மதிப்பைக் காட்டாமல், நாள், மாதப் பெயர், ஆண்டு என்று மூன்று காலிப் பெட்டிகள் வரும். பழையதைக் காட்டி ‘சரிதானா’ என்று கேட்டால் படிக்காமலே ஆம் என்று அழுத்திவிடுவார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. அவர் நிரப்பியது பழைய மதிப்போடு ஒத்துப்போனால் அடையாளம் நீங்கிவிடும்; ஒத்துப்போகாவிட்டால் ஆவணத்தின் நகலைக் கேட்டு அலுவலர் ஒருவர் பார்த்து முடிவுசெய்கிறார். அடையாளம் இருக்கும்வரை அந்தத் தேதியை வைத்து வயது கணக்கிடும் அறிக்கைகள் எதிலும் அந்தப் பதிவு சேராது.